பெயர்தலும் பெயர்த்தலும்: ஒரு வினைச்சொல்லை முன்வைத்து இரண்டு அகராதிகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்திலும், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை அச்சு நூலாகவும் நான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இவ்விரண்டையும் முழுமையாக எடைபோடுவது இங்கே என் நோக்கமன்று. ஓரிடம் விட்டு வேறிடம் போவதைக் குறிக்கும் ‘பெயர்’ என்னும் ஒரே வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் ஆட்சியையும் அறிய வரும் ஒருவருக்கு இவை எந்த அளவுக்குத் துணை செய்கின்றன, எந்த இடத்தில் அவர் தம் காதையே நம்ப வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். அகராதியில் அரிய சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதைக் காட்டிலும், நாள்தோறும் புழங்கும் ஒரு வினையை அது எப்படிக் கையாளுகிறது என்று பார்ப்பது அதன் தரத்தை நன்றாகக் காட்டும் என்பது என் கருத்து.

இந்த வினையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஓர் ஊரின் வரலாற்று மலருக்கு வரும் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை யாரோ எங்கிருந்தோ எங்கோ போனதைப் பற்றியவை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபின் கரையோர வீடுகளை விட்டுச் சுனாமி காலனிக்குப் போன குடும்பங்கள், வளைகுடா நாடுகளின் கடலில் மீன்பிடிக்கப் போன ஆண்கள், கொச்சியில் படகுகளோடு தங்கித் தொழில் செய்பவர்கள், இலங்கையின் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பிய முன்னோர்கள், கலியாணமாகி அடுத்த கரைக்குப் போன பெண்கள் என எல்லாரையும் கட்டுரையாளர்கள் ‘இடம்பெயர்ந்தனர்’ என்ற ஒரே சொல்லால் சொல்லி முடித்திருக்கிறார்கள். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1ஆம் நாளைக்கூட, ‘நம் மாவட்டம் தமிழகத்துக்கு இடம்பெயர்ந்த நாள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு சொல் இத்தனையையும் தாங்குமா என்ற கேள்வி எழுந்தபோதுதான் இரண்டு அகராதிகளையும் இந்தக் கண்ணோடு புரட்டத் தொடங்கினேன்.

லெக்சிகனைப் பற்றி முதலில் சொல்கிறேன். அதற்கான பணி 1913இல் ஜே. எஸ். சாண்ட்லரின் பொறுப்பில் தொடங்கியது. 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தார். 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. அதன்பின் ஓர் அநுபந்தத் தொகுதியும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்தப் பெருநூலைப் புரட்ட ஒரு காலத்தில் நூலகத்துக்குத்தான் போக வேண்டும். இன்று அது கைப்பேசியில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதே சிகாகோ தளத்தில் பப்ரிசியஸ், வின்சுலோ ஆகியோரின் அகராதிகளையும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் லெக்சிகன் உண்டு. இவ்வளவு பெரிய உழைப்பை யாரும் எந்த ஊரிலிருந்தும் காசில்லாமல் எடுத்தாளலாம் என்பதை, புத்தகம் வாங்க வசதியற்ற பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த ஊர்களில் வாழும் நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

வினைச்சொல்லை லெக்சிகன் தரும் முறை புதியவரைச் சற்றுத் திகைக்க வைக்கும். அது வினையைப் பகுதியாக மட்டும் தருவதில்லை. ‘-தல்’ அல்லது ‘-த்தல்’ சேர்த்துத் தொழிற்பெயராகத் தருகிறது. பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது அந்த வினை எந்த வாய்பாட்டின்படி காலம் காட்டும் என்பதற்கான குறிப்பு. பின்னர் செயப்படுபொருள் குன்றியதா, குன்றாததா என்ற குறிப்பும், ஆங்கிலப் பொருளும், தமிழ்ப் பொருளும், இலக்கிய மேற்கோளும் வரும். ‘அடைதல்’ வேறு, ‘அடைத்தல்’ வேறு. ‘தீர்தல்’ வேறு, ‘தீர்த்தல்’ வேறு. அப்படியே பெயர்தலும் பெயர்த்தலும் வேறுவேறு. இந்தப் பிரிவினை வெறும் இலக்கண ஒழுங்கு என்று எண்ணிப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கோ லெக்சிகனின் மிகப் பெரிய பயன் இந்தக் கோட்டில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

‘பெயர்ந்தான்’ என்றால் அவனே அசைந்தான், அகன்றான், போனான். ‘பெயர்த்தான்’ என்றால் அவன் வேறொன்றை அதன் இடத்திலிருந்து எடுத்தான். முதலாவதில் அசைபவர் மட்டும் இருக்கிறார். இரண்டாவதில் அசைப்பவர் ஒருவர், அசைக்கப்படுவது ஒன்று என இருவர் இருக்கிறார்கள். எங்கள் மலருக்கு வந்த கட்டுரை ஒன்றில், ‘கடலிலிருந்து தள்ளியிருந்த புதிய குடியிருப்புக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர்’ என்று இருந்தது. அந்த வாக்கியத்தின்படி மக்கள் தாமாகவே எழுந்து நடந்திருக்கிறார்கள். ஆனால் அதே கட்டுரையின் அடுத்த பத்தியில், வீடு எங்கே கட்டுவது என்பதைத் தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றும், வள்ளமும் வலையும் கரையில் கிடக்கத் தாங்கள் மட்டும் தொலைவில் இருக்க வேண்டியதாயிற்று என்றும் மூத்த மீனவர்கள் சொன்னது பதிவாகியிருந்தது. அப்படியானால் அவர்கள் பெயர்ந்தார்களா, பெயர்க்கப்பட்டார்களா? தன்வினையில் எழுதும்போது பெயர்த்தவர் வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறார். வரலாறு எழுதுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு ‘ந்’ இருக்க வேண்டிய இடமும் ஒரு ‘த்’ இருக்க வேண்டிய இடமும் மாறினால் பொறுப்பு யாருடையது என்பதே மாறிவிடும்.

லெக்சிகன் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக் காட்டுகிறதே தவிர, கோட்டின் எந்தப் பக்கத்தில் மனிதர்களை வைப்பது இன்றைய வழக்கு என்று சொல்வதில்லை. அது அதன் வேலையும் அன்று; அது 1936இல் முடிந்த நூல். ‘பெயர்த்தல்’ என்ற வினையை இன்று நாம் பெரும்பாலும் கல், காரை, ஓடு, செடி போன்றவற்றுக்கே பயன்படுத்துகிறோம். ‘தளக்கல்லைப் பெயர்த்தார்கள்’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. ‘மக்களைப் பெயர்த்தார்கள்’ என்பது தனியாக நின்றால் காதுக்கு முரடாக இருக்கிறது. ‘இடம்பெயர்க்கப்பட்டார்கள்’ என்று கூட்டாக வரும்போது ஏற்றுக்கொள்ள முடிகிறது. ‘அப்புறப்படுத்தப்பட்டார்கள்’, ‘வெளியேற்றப்பட்டார்கள்’, ‘குடியமர்த்தப்பட்டார்கள்’ என்பனவும் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இவை ஒன்றுக்கொன்று ஈடல்ல. ‘குடியமர்த்தப்பட்டார்கள்’ என்பது சேர்ந்த இடத்தைப் பேசுகிறது. ‘வெளியேற்றப்பட்டார்கள்’ என்பது விட்ட இடத்தைப் பேசுகிறது. இரண்டையும் ஒருசேரச் சொல்ல ‘இடம்பெயர்க்கப்பட்டார்கள்’ என்பதே பொருந்துகிறது என்று முடிவு செய்து, அந்தக் கட்டுரையை அப்படியே திருத்தினேன்.

பேச்சுத் தமிழில் இந்த வினை செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. யாரும் வீட்டில் ‘பெயர்’ என்று ஏவுவதில்லை என்பது மெய்தான். ஆயினும் ‘சுவத்துல காரை பேந்து விழுது’ என்று சொல்லாத வீடு மழை மிகுந்த எங்கள் பகுதியில் இருக்காது. வாழைக்கன்றைக் கிழங்கோடு ‘பேத்து’ வேறிடத்தில் வைப்பார்கள். பெயர்ந்து என்பது பேர்ந்து ஆகிப் பேந்து ஆயிற்று. பெயர்த்து என்பது பேர்த்து ஆகிப் பேத்து ஆயிற்று. பேர்தல், பேர்த்தல் என்ற இடைப்பட்ட வடிவங்களையும் லெக்சிகன் தலைச்சொற்களாகத் தந்திருக்கிறது. ஆகவே நம் அம்மாமார் வாயில் வரும் சொல்லிலிருந்து பழைய நூல்களின் சொல்லுக்கு ஒரு படிக்கட்டு கிடைக்கிறது. மாணவர்களுக்கு இதைக் காட்டினால் தன்வினையும் பிறவினையும் அவர்களுக்கு அதன்பின் குழம்புவதில்லை. ‘பேந்து விழுந்தது’, ‘பேத்து எடுத்தான்’ என்ற இரண்டையும் எந்தப் பிள்ளையும் மாற்றிச் சொல்லாது.

இலக்கிய மேற்கோள்களைத் தொட்டுக்காட்டும் பழக்கம்தான் லெக்சிகனை மற்ற பழைய அகராதிகளிலிருந்து உயர்த்துவது. ஒரு சொல்லின் பொருளெல்லையை நமக்கு நாமே அளந்துகொள்ள அது பழக்குகிறது. இந்த வினையையே எடுத்துக்கொள்வோம். ‘ஊழி பெயரினும் தாம்பெயரார்’ என்கிறது குறள் 989. ஒரே அடியில் இருமுறை வந்தும் அது ஒரே பொருளில் வரவில்லை. ஊழி பெயர்வது காலம் மாறுவது, சான்றோர் பெயராமை தம் நிலையிலிருந்து அசையாமை. காமத்துப்பாலில் ‘புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன்’ என்று தலைவி சொல்லும்போது, அது படுக்கையில் சற்றே புரளும் அளவுக்கான அசைவு. பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்று வரும்போதோ கடல் கடந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்வோரைக் குறிக்கிறது. ஒரு சாண் நகர்தலுக்கும், நாடு விட்டு நாடு போதலுக்கும், ஊழி மாறுதலுக்கும் ஒரே வினை. எனவே தொலைவு இந்த வினையின் பொருளில் அடங்கவில்லை என்பது தெளிவாகிறது. இருந்த நிலை ஒன்று இருக்க வேண்டும், அது விடப்பட வேண்டும். அவ்வளவே அதன் உட்கரு. மாவட்டம் ‘இடம்பெயர்ந்தது’ என்று எழுதியவருக்கு நான் தந்த விளக்கமும் இதுவே. நான்கு தாலுகாக்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. மாறியது மாநில எல்லை. ஆகையால் அங்கே ‘சேர்ந்தது’ அல்லது ‘இணைந்தது’ என்பதே சரி. அவர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்.

பழைய ஆட்சியில் ‘பெயர்தல்’ திரும்பி வருதலையும் குறிக்கும். ‘பெயர்த்தும்’ என்றால் மீண்டும் என்று பொருள். யாழ்ப்பாணத் தமிழர் ‘பிறகு’ என்ற பொருளில் ‘பேந்து’ என்று இன்றும் பேசுகிறார்கள். வளைகுடாவுக்குப் போய்ப் பல ஆண்டு கழித்து ஊர் திரும்பியவர்களின் கதைகளைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு, போவதையும் மீள்வதையும் ஒரே வினை சுமந்திருந்தது என்பது மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஆனால் அந்தப் பொருளில் இன்று எழுதினால் யாருக்கும் விளங்காது. எது பழைய பொருள், எது இன்றும் உயிரோடு இருக்கும் பொருள் என்பதை லெக்சிகனை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். அதில் எல்லாப் பொருள்களும் ஒரே வரிசையில் எண்ணிட்டு நிற்கின்றன. அதை மட்டும் நம்பி எழுதுபவரின் நடை வேண்டாத பழமை கொள்ளும்.

இந்த இடத்தில்தான் க்ரியாவின் அகராதி தேவைப்படுகிறது. 1992இல் முதற்பதிப்பும், 2008இல் விரிவாக்கித் திருத்திய பதிப்பும், 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. முதற்பதிப்பின் முதன்மை ஆசிரியர் பா. ரா. சுப்பிரமணியன். மூன்றாம் பதிப்பு வந்த அதே ஆண்டின் நவம்பரில் க்ரியா பதிப்பகத்தின் நிறுவனர் ராமகிருஷ்ணன் மறைந்தார். இந்த அகராதிக்கு அவர் தந்த ஆண்டுகளை எண்ணினால் தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. பெயர் சொல்லுவதுபோல இது தற்காலத் தமிழுக்கானது. தற்கால எழுத்துகளிலிருந்து திரட்டிய தரவை அடிப்படையாகக் கொண்டு, பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கி, எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் எண் எதுவும் இல்லை. அதற்கு மாறாக, செயவென் எச்சத்தையும் செய்தென் எச்சத்தையும் அடைப்புக்குள் தருகிறது: பெயர, பெயர்ந்து என்றால் தன்வினை, பெயர்க்க, பெயர்த்து என்றால் பிறவினை. வாய்பாட்டு எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பார்த்தவுடன் நாவில் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே நான் பள்ளி ஆசிரியர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

எடுத்துக்காட்டு வாக்கியம் இருப்பதன் அருமை, கூட்டுவினைகளுக்கு வரும்போது முழுதாகத் தெரியும். இடம்பெயர், குடிபெயர், புலம்பெயர் என்ற மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தோன்றினாலும், முதற்சொல்லுக்கும் வினைக்கும் உள்ள உறவு மூன்றிலும் ஒன்றன்று. இடம்பெயர்தலில் இடம் விடப்படுவது. புலம்பெயர்தலிலும் புலம் விடப்படுவது. குடிபெயர்தலில் குடியே பெயர்வது. அடுப்பும் பானையும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் எழுந்து போவது. ஆகவே வளைகுடாவுக்குத் தனியாகப் போய் மாதந்தோறும் பணம் அனுப்பும் ஒருவரைக் ‘குடிபெயர்ந்தார்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அவருடைய குடி ஊரில்தான் இருக்கிறது. அவர் தொழிலுக்குப் போயிருக்கிறார். மனைவி மக்களோடு நாகர்கோவிலுக்கு வந்து வீடு வாங்கியவரைக் குடிபெயர்ந்தவர் என்பது முற்றிலும் பொருந்தும், தொலைவு சில கல்தான் என்றாலும். மொழிபெயர்த்தலில் உறவு மேலும் வேறு. அங்கே மொழி மாற்றப்படுவது. குறுந்தொகை கூறும் ‘மொழிபெயர் தேஎம்’ மொழி மாறிப்போகும் நாடு. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு இந்தத் தொடரின் பொருளை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை; பேருந்தில் சில நிறுத்தங்கள் தாண்டினால் கடைப்பலகைகளின் எழுத்தே மாறிவிடுகிறது.

புலம்பெயர்தல் என்ற சொல்லின் இன்றைய ஆட்சி கடலுக்கு இருபுறமும் ஒன்றாக இல்லை. இலங்கைத் தமிழ் எழுத்தில், போரினால் நாட்டைவிட்டு ஐரோப்பா, கனடா போன்ற இடங்களுக்குப் போய் வாழ்வோர் புலம்பெயர்ந்தோர். நாட்டுக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் போக நேர்ந்தோர் இடம்பெயர்ந்தோர். இந்த வேறுபாடு அங்கே கூர்மையானது, துயரத்தின் வழியாக உறுதிப்பட்டது. அரசுத் துறையின் பெயரிலேயே குடிவரவு, குடியகல்வு என்ற சொற்கள் அங்கே உண்டு. தமிழ்நாட்டிலோ 2020 ஊரடங்கின்போது பல மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்தவர்கள் நடந்தே ஊர் திரும்பிய காலத்தில், ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்ற தொடர் செய்திகளில் நிலைபெற்றது. நாட்டின் எல்லைக்குள்ளேயே போய்வருபவர்களுக்கு அது இங்கே வழங்குகிறது. எங்கள் மாவட்டத்தில் கட்டட வேலைக்கு வரும் வடமாநிலத்தவரை நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன. இரண்டு ஆட்சிகளும் பிழையல்ல. ஆனால் ஒரே நூலில் இரண்டும் கலந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். க்ரியாவின் அகராதி இலங்கைத் தமிழ் வழக்குகளைத் தனிக்குறிப்போடு சேர்த்திருப்பது இத்தகைய இடங்களில் பெரிதும் உதவும் அணுகுமுறை. தமிழ் என்றால் தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும்தான் என்ற குறுகிய எண்ணத்தை அது ஒதுக்கி வைத்திருக்கிறது.

பெயர்ச்சொல் வடிவங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பெயர்ச்சி, பெயர்வு என்பவை தன்வினையிலிருந்து வருபவை. பெயர்ப்பு பிறவினையிலிருந்து வருவது. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று சொல்கிறோம்; கோள்கள் தாமே இராசி மாறுகின்றன என்பதால் அது சரியாகவே அமைந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு என்கிறோம், மொழி தானாக மாறுவதில்லை, ஒருவர் அமர்ந்து மாற்றுகிறார். இடப்பெயர்ச்சி என்பது பள்ளி இயற்பியலில் கலைச்சொல்லாகிவிட்டது. தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்த ஒருவருக்கு இயற்பியலின்படி இடப்பெயர்ச்சி சுழி. ஊர்வழக்கின்படி அவர் பாதி வாழ்நாளை இடம்பெயர்ந்து கழித்தவர். ஆதலால் மக்களைப் பற்றி எழுதும்போது ‘இடப்பெயர்வு’ என்றும், பொருள்களின் இயக்கத்தைப் பற்றி எழுதும்போது ‘இடப்பெயர்ச்சி’ என்றும் நான் பிரித்துக்கொள்கிறேன். இது விதியன்று, தெளிவுக்காக நான் கடைப்பிடிக்கும் வழக்கம். அகராதிகள் இப்படிப்பட்ட நுண்ணிய பிரிவுகளைத் தங்களுக்கே உரிய நிதானத்தோடுதான் ஏற்கும், அது நியாயமும்கூட.

இனி வட்டார வழக்கு. லெக்சிகனில் சில சொற்களுக்கு நேராக ஆங்கில எழுத்தில் ‘நாஞ்’ என்ற சுருக்கம் இருப்பதை முதன்முதலாகக் கவனிக்கும் குமரி மாவட்டத்து வாசகர் மகிழாமல் இருக்க முடியாது. அது நாஞ்சில் நாட்டு வழக்கு என்பதற்கான குறிப்பு. வையாபுரிப்பிள்ளை திருநெல்வேலிக்காரர், திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். எங்கள் பகுதியின் பேச்சு அவர் காதுக்குப் புதிதாக இருந்திருக்காது. தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கத்து நெல்வயல் சார்ந்த சொற்களுக்கு இவ்வாறு ஓர் ஆவணம் கிடைத்திருப்பது நற்பேறு. ஆனால் கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தமிழுக்கும், கடற்கரைத் தமிழுக்கும் அதே அளவு இடம் கிடைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தற்கால எழுத்துத் தமிழையே தன் எல்லையாகக் கொண்ட க்ரியாவிடம் இதை எதிர்பார்ப்பது முறையாகாது.

இடம்விட்டு அசைவதைச் சொல்ல எங்கள் பகுதியில் உண்மையில் ஆட்சி செய்யும் வினை ‘மாறு’. திண்ணையில் நெருக்கமாக இருப்பவரிடம் ‘கொஞ்சம் மாறி இரி’ என்பார்கள். வண்டி வரும் வழியில் நிற்கும் பிள்ளையை ‘மாறி நில்லு’ என்று எச்சரிப்பார்கள். மற்ற மாவட்டத்தார் ‘தள்ளி உக்காரு’, ‘நகந்து நில்லு’ என்று சொல்லும் இடம் அது. மலையாளத்திலும் இதே ஆட்சி உண்டு. வாடகை வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போவதையும் ‘வீடு மாறுது’ என்றே சொல்கிறோம். மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் தேனீ வளர்ப்பவர்கள் இரப்பர் தோட்டங்களில் தேன் கிடைக்கும் காலத்தில் பெட்டிகளை அங்கே ‘மாற்றி வைக்கிறார்கள்’. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் புதுவீடு புகுவதைக் ‘கேறித் தாமசம்’ என்பதுண்டு. பழைய நூல்களின் ‘புடைபெயர்தல்’ என்பதற்கு இன்று நேரான சொல்லைத் தேடினால், எங்கள் ‘மாறி இரி’ கச்சிதமாக அந்த இடத்தில் பொருந்துகிறது. ஒரு வட்டார அகராதி வரும்போது, ‘மாறு’ என்ற சொல்லுக்கு ‘வேறுபடு’ என்ற பொதுப்பொருளை மட்டும் தந்து முடித்துவிடாமல், இந்த அசைவுப் பொருளைத் தனி எண்ணிட்டு, வாழும் வாக்கியங்களோடு பதிவு செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

பயன்படுத்துவோருக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. சிகாகோ தளத்தில் ‘பெயர்’ என்று இட்டுத் தேடினால், ஆளின் பெயரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் அதன் வழிவந்த இலக்கணச் சொற்களும் வினையோடு கலந்தே வரும். தலைச்சொல்லின் தோளில் உள்ள சிறிய எண்ணையும், பின்னால் உள்ள ‘-தல்’, ‘-த்தல்’ என்ற ஈற்றையும் பார்த்து வினையைப் பிரித்தெடுக்க வேண்டும். தமிழ்ப் பொருள் மிகச் சுருக்கமாக இருக்கும். ஆங்கிலப் பொருள்தான் விரிவானது. ஆங்கிலம் அறியாத வாசகருக்கு இது குறைதான். மேற்கோள் நூல்களின் பெயர்கள் சுருக்கக் குறியீடுகளாக இருப்பதால் அந்தச் சுருக்கப் பட்டியலை ஒருமுறையாவது படித்து வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் படித்துவிட்டால் ஒவ்வொரு பதிவிலிருந்தும் மூலநூலுக்குப் போக வழி திறக்கும். க்ரியாவின் நூல் தடிமனானது. மேசையில் விரித்து வைத்துப் பார்ப்பதற்கே ஏற்றது. ஆனால் அதன் அச்சமைப்பும் எழுத்தின் தெளிவும் மிகச் சிறந்தவை; வயதானவர்களும் சிரமமின்றிப் படிக்கலாம்.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பவர்களுக்கு என் பரிந்துரை அவரவர் வேலையைப் பொறுத்தது. கட்டுரை, செய்தி, விண்ணப்பம் எழுதுபவர்களும் பள்ளி ஆசிரியர்களும் க்ரியாவை வாங்கலாம். அதில் செலவிடும் பணம் வீணாகாது. பழைய இலக்கியம் படிப்பவர்கள், ஊர்வரலாறு எழுதுபவர்கள், கல்வெட்டும் ஓலையும் பார்ப்பவர்கள் லெக்சிகன் இல்லாமல் ஓரடியும் வைக்க முடியாது. அது இலவசமாகவும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். எங்கள் மலரின் சொற்பட்டியலை நான் இரண்டின் துணையோடுதான் வகுத்தேன். சுனாமி காலனிக்குப் போனவர்கள் ‘இடம்பெயர்க்கப்பட்டோர்’. கொச்சிக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் ‘தொழிலுக்குப் போனோர்’. குடும்பத்தோடு வேறூரில் நிலைத்தவர்கள் ‘குடிபெயர்ந்தோர்’. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் அங்கேயே தங்கிவிட்டவர்கள் ‘புலம்பெயர்ந்தோர்’, திரும்பியவர்கள் ‘மீண்டோர்’. கலியாணமாகிப் போன பெண்களுக்கு எந்த அகராதியிலிருந்தும் சொல் எடுக்கவில்லை. ‘கெட்டிக் குடுத்தது’ என்று ஊர் சொல்வதில் கொடுத்தவர்கள்தான் எழுவாய்; போனவள் எழுவாய் அல்லள். எனவே அந்தப் பெண்களிடமே கேட்டு, அவர்கள் சொன்ன ‘அந்தக் கரைக்குப் போனேன்’ என்ற தொடரையே கட்டுரைகளில் வைத்திருக்கிறோம்.